முன் சீட்டில் யார் என்று கேட்டவர்

மூன்றாம் பாடவேளை முடிந்து வகுப்பைவிட்டு வெளியே வந்தபோது முருகேசு அண்ணனின் மனைவி அழைத்தார். "டீச்சர், அவரு போயிட்டாருங்க. நுவரெலியா ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன்."

தலவாக்கலையில் வீல் அலைன்மென்ட் கராஜ் வைத்திருந்த அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாரடைப்பு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைத் தேடிப் போனேன். வாரந்தோறும் அம்மாவை வட்டகொடையிலிருந்து நுவரெலியாவுக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் என் பழைய கார் இடப்பக்கம் இழுத்தது. வளைவுகளில் அம்மா பயந்து கண்ணை மூடிக்கொள்வார். முன் டயரின் உள்விளிம்பு மொட்டையாகியிருந்தது. இந்த வண்டியில் சக்கரத்தின் சாய்வைத் திருத்த வழியே இல்லை என்று வேறொரு கராஜில் கைவிரித்தார்கள்.

அண்ணன் எதுவும் வளைந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பழைய போல்ட்டுக்குப் பதிலாக, சாய்வைத் திருத்தவென்று தனியாக வாங்கிய கேம்பர் போல்ட்டைப் போட்டார். அதன் நடுப்பகுதி ஒருபுறம் புடைத்திருக்கும். திருப்பினால் சக்கரத்தின் மேற்பகுதி சற்று வெளியே நகரும்.

அளப்பதற்குமுன் கேட்டார்: "முன் சீட்டுல யாரு ஒக்காருவாங்க?"

"அம்மாதான்."

"அப்ப ஏறுங்கம்மா. டீச்சர், நீங்களும்."

"ஏன் தம்பி, என்னைய தராசுப் படிக்கல்லா ஆக்கிட்டீங்களா?"

"வெறும் வண்டியா ஓடப்போகுது? வயித்த எக்கிப் பிடிக்காதீங்கம்மா, அளவு மாறிரும்."

அம்மா சிரித்ததில் கார் குலுங்கியது. அண்ணன் மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

கடந்த ஆண்டு அம்மா இறந்தார். சில மாதங்கள் கழித்துப் போல்ட்டுகளைச் சரிபார்க்கப் போனேன். வழக்கமான கேள்விக்கு வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"ஒங்க ஒரு ஆளுக்கு மாத்தி வைக்கவா, டீச்சர்?"

வேண்டாம் என்றேன். இறுக்கத்தை மட்டும் பார்த்தார்.

"சரிங்க. டயரு லேசாத் தேயும். தேஞ்சாத் தேயட்டும், நான் பாத்துக்கிறேன்."

வேறு யாரிடம் நான் அப்படியொரு பிழையைக் கேட்டு வாங்கியிருக்க முடியும்?

அண்ணியின் அழைப்பு வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். அண்ணனை வேனில் ஏற்றினார்கள். அண்ணிக்காக என் காரின் முன்கதவைத் திறந்தேன். அவர் ஏறவில்லை.

"பின்னாடி ஒக்காந்துக்கிறேன். அது அம்மா சீட்டுன்னு அவரு சொல்லியிருக்காரு."

தோளைப் பிடித்து அவரை முன்னால் உட்காரவைத்தேன். நானுஓயாவைத் தாண்டினோம். வேன் எங்களுக்கு முன்னே வளைவுகளில் மறைந்து மறைந்து தெரிந்தது.

"மெதுவாப் போங்க டீச்சர்," என்றார் அண்ணி. "வீடு வந்துட்டா அவர எடுத்துருவாங்க."

வேகத்தைக் குறைத்தேன். வேன் எங்களுக்காக நிற்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணா.