யோகேஸ்வரி போட்ட ஆறு முழுக்கு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற யோகேஸ்வரி, ஒரு கோப்பைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. தும்முவதற்கும் முன்கூட்டியே விண்ணப்பம் எழுதுகிற பெண்மணி.

வரும் புதன்கிழமை அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு படியேற முடியுமா என்று கேட்டதற்கு மருத்துவர் கூரையைப் பார்த்தார். அதற்குள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரோடும் லேடாங் மலை அருவியில் ஒருமுறை நனைந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"இந்த வார லீவு முதல் நாள், காலையில ஆறு மணி, நம்ம வீட்ல," என்று குடும்பக் குழுவில் செய்தி போட்டார். ஆறு பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அருவி இருக்கும் தேசியப் பூங்காவில் எட்டு இடமும் ஒரே தட்டலில் கிடைத்தன. அந்த வாரச் சனியும் ஞாயிறும் நிரம்பிவிட்டதைக் கண்டு, "சனங்களுக்குத் திட்டம் போடத் தெரியலங்க," என்று கணவர் சிவசம்புவிடம் இரக்கப்பட்டார்.

அந்த நாள் வந்தது. அறுபது இட்லியும் ஒரு சட்டி சம்பலும் தயார். ஆறரையாகியும் வாசலில் ஒரு கார் இல்லை. மகளை அழைத்தார்.

"தர்மினி, எங்கடி இருக்க?"

"ஜொகூர் பாலத்துல ம்மா. ஒரே ஜாம்."

"அங்க என்ன வேலை?"

"சிங்கப்பூருக்கு வேலைக்குத்தான் போறேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை லா!"

"அதான் சொல்றேன், லீவு முதல் நாள்."

"அலமாக்! ஜொகூர்ல லீவை சனி ஞாயிறுக்கு மாத்தி எத்தனை மாசம் ஆச்சு!"

பதினோரு ஆண்டுகள் வெள்ளியும் சனியும் ஓய்ந்த மாநிலம். மாற்றியதை ஓய்வு பெற்றவர்களுக்கு யார் சுற்றறிக்கை அனுப்பிச் சொல்கிறார்கள்?

"நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எல்லா நாளும் லீவுதானே," என்ற சிவசம்பு இட்லியைக் காரில் ஏற்றினார்.

பூங்கா வாசலில் காவலாளி எட்டுச் சீட்டையும் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற ஆறு பேர் எங்கே என்று கேட்டார்.

"தண்ணிக்குள்ள வந்துருவாங்க," என்றார் யோகேஸ்வரி.

காவலாளி எட்டுச் சீட்டிலும் முத்திரை குத்திக் கொடுத்தார்.

தீர்த்தமாடப் போனால், வராதவர் பெயரைச் சொல்லி ஒரு முழுக்குப் போடுவது நம் வழக்கம். கணவரின் தோளைப் பிடித்துப் படிப்படியாக ஏறிய யோகேஸ்வரி, பத்தரை மணிவாக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆறு முறை முழுகினார். மருமகள் தேன்மொழியின் முறை வந்தபோது மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் உள்ளேயே இருந்தார்.

மறுநாள் தர்மினி அழைத்தாள். "ம்மா, நேத்து பத்தரைக்கு ஆபீஸ்ல சும்மாதான் உக்காந்திருந்தேன். திடீர்னு தலையெல்லாம் ஈரம்!"

"துவட்டினியா?" என்றார் யோகேஸ்வரி.

நம்பாதவர்கள் தேன்மொழியைக் கேட்கலாம். அவளுக்கு மூன்று நாள் சளி. மருத்துவர் கொடுத்த விடுப்புச் சீட்டே இருக்கிறது.