குண்டு பல்புக்குக் கீழே எல்லா நாயும் மஞ்சள்

வெள்ளைப் பூனையை மஞ்சளாகப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள், அதைத் திரும்ப வெள்ளையாக்கித் தர வேண்டும். என் தொழில் அவ்வளவுதான். பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை தவறினேன். மூன்றாவது தடவையும் எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள மாணிக்கம் அண்ணன் ஸ்டுடியோவில், கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒன்றரை வருசம் ஆகிறது. இதுவரை வந்த வாடிக்கையாளர் ஒருத்தரும் என்னிடம் அல்ஜீப்ரா கேட்கவில்லை.

அண்ணன் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை நாள் வாடகைக்கு விடுகிறார். எடுத்துப் போகிறவர்கள் முதலில் பிள்ளைகளைப் படம் எடுப்பார்கள், அப்புறம் மாமியாரை, கடைசியில் நாய், பூனை, சேவல், கன்றுக்குட்டி. மனுசர்களை மட்டும் வெளியே வெயிலில் நிறுத்துவார்கள். வளர்க்கிற ஜீவன்களை அவை படுத்திருக்கும் இருட்டு மூலையிலேயே எடுப்பார்கள், அதுவும் ஃபிளாஷை அணைத்துவிட்டு. ஃபிளாஷ் பட்டால் நாய்க்குக் கண் போய்விடும், மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்று எங்கள் மலையில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதனால் குண்டு பல்புக்குக் கீழே எடுத்தது மஞ்சளாக வரும், ட்யூப்லைட்டுக்குக் கீழே எடுத்தது பச்சையாக வரும், மழைக்குக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தது நீலமாக வரும். வேறு ஊர் ஸ்டுடியோக்களில் இதே மாதிரி உட்கார்ந்து கண் எரிகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டிய ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால், கம்ப்யூட்டர் அதை வைத்து மிச்சக் கலரைச் சரிசெய்துகொள்ளும். தப்பான இடத்தைக் காட்டினால் அதையும் நம்பிவிடும். இதற்கு மேல் அண்ணன் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். படத்தில் யார் இருந்தாலும் கடைசியில் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட வேண்டும். வெளுப்பாக்காத படத்தை யாரும் சிரித்த முகமாக வாங்கிப்போய் நான் பார்த்ததில்லை.

இந்த வேலையில் நான் வாங்கிய பேச்சுகளில் பாதி சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒன்று மட்டும் அப்படி இல்லை. அதில் ஒரு நாய் வீடு திரும்புவதே என் கையில் மாட்டிக்கொண்டது.

பூனையும் சுவரும்

வாசலூர்பட்டியில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் சரசக்கா, தன் பூனையை அடுப்படியில் குண்டு பல்புக்குக் கீழே எடுத்திருந்தார். மகள் மலைக்குக் கீழே ஆஸ்டலில் படிக்கிறாள், பூனையைப் பார்க்க வேண்டும் என்று வாராவாரம் கேட்கிறாளாம். "காமாலை வந்ததாட்டம் இருக்குது கண்ணு, இத அனுப்புனா புள்ள பூனைக்குச் சீக்குன்னு அழுவா" என்றார். நான் பூனையின் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். வெள்ளையானது. இன்னும் வெள்ளையாகட்டும் என்று மஞ்சளை மொத்தமாக உருவிவிட்டேன். பூனை பால் மாதிரி ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது.

சரசக்கா பிரின்ட்டைக் கையில் வாங்கி, பூனையை விட்டுவிட்டு அதற்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம்தான் அடுப்படிக்கு ஆசையாகச் சந்தனக் கலர் பெயின்ட் அடித்திருக்கிறார். மகள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. படத்தில் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தது. அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "பூனையக் குளிப்பாட்டச் சொன்னா, நீ என்ற ஊட்டுக்கே சுண்ணாம்பு அடிச்சுட்டியே கண்ணு."

சேவல் வால்

முருகேசன் அடிவாரத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர். பாதி கட்டிய வீட்டுக்குள் ட்யூப்லைட்டைத் தொங்கவிட்டு, தன் சேவலைத் தோளில் வைத்துப் படம் எடுத்திருந்தார். எல்லாமே பச்சை. சேவல் பச்சை, சிமென்ட் மூட்டை பச்சை, அவர் சிரித்திருந்த பல்லும் பச்சை. பாசி பிடித்த ஆள் மாதிரி இருந்தார். எனக்கு அன்றைக்கு ஏழு படம் பாக்கி. பச்சையை ஒரே இழுப்பாக இழுத்து எடுத்துவிட்டு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். அந்தச் சேவலுக்குக் கருப்பு வால். வெளிச்சத்தில் திரும்பினால் அதில் ஒரு பச்சை மினுங்குமாம். அதைப் பார்த்துத்தான் இவர் அந்தச் சேவலையே வாங்கினாராம். என் படத்தில் வால் அடுப்புக்கரியாக இருந்தது. "பச்சையா இருக்குது, எடுத்துருங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று நானும் விடவில்லை. அவர் படத்தை மேசைமேல் வைத்தார். "பல்லுல இருந்தது ட்யூப்லைட்டோடதுங்க, அத நீங்களே வெச்சுக்கங்க. வால்ல இருந்தது என்ற சேவலோடது, அத மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

தார்ப்பாய்க்குக் கீழே ஜிம்மி

இனி நான் சொன்ன அந்த நாய். ராமசாமி மாமா எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாட்டுக்காரர், காப்பித் தோட்டத்தில் வேலை. மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனபோது, கூடவே ஓடிவந்த தன் நாயையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒரு சாவு ஊர்வலத்தில் வேட்டுப் போட, ஜிம்மி மிரண்டு ஓடிவிட்டது. அன்று சாயங்காலம் வரையும் மறுநாள் முழுக்கவும் தேடிவிட்டு, மூன்றாம் நாள் எங்களிடம் வந்தார். "எங்களுக்குக் கொழந்தை இல்லைங்க. நான் வேலைக்குப் போயிட்டா என்ற ஊட்டுக்காரி பாப்பாத்திக்குப் பேச்சுத் துணை அதுதான். நாய் வந்தாத்தான் அடுப்புப் பத்தவெப்பேன்னு உக்காந்திருக்கா" என்றார்.

ஆறு மாதத்துக்கு முன் எங்கள் கேமராவில் அவர் எடுத்த ஒரே ஒரு படம் கம்ப்யூட்டரில் இருந்தது. மழை நேரம், கொட்டகையில் நீலத் தார்ப்பாய், அதற்குக் கீழே வைக்கோல்மேல் ஜிம்மி. நாய் நீலச் சாம்பலாகத் தெரிந்தது. எனக்கு அவசரம். நெஞ்சு வெள்ளையாகத்தான் இருக்கும் என்று அங்கே தொட்டேன். நாய் வெளுத்தது. வைக்கோலும் வைக்கோல் மாதிரி இல்லாமல் வெளிறிப்போய்க் கிடந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வைக்கோலை வெட்டி எறிந்துவிட்டு, அண்ணன் சட்டப்படி நாயை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி, மேலே 'காணவில்லை' என்று போட்டு, கீழே ஸ்டுடியோ போன் நம்பரைப் போட்டேன். கலர் பிரின்ட் இருக்கும்போது கலரை எதற்கு எழுதுவது என்று அதையும் விட்டுவிட்டேன். இருபது நோட்டீஸ். ஒன்றை எங்கள் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன், மிச்சத்தைப் பேளுக்குறிச்சி போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒட்டித் தருவதாக வாங்கிக்கொண்டார். ராமசாமி மாமா ஒன்றைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்குக் கும்பிடு போடாத குறையாகச் சொன்னார்: "நல்லா வெளுப்பா வந்திருக்குது கண்ணு."

மூன்று வெள்ளை நாய்கள்

நோட்டீஸ் நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் நாள் பால்வண்டிக்காரர் ஒரு வெள்ளை நாயைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார். நான்காம் நாள் இன்னொரு வெள்ளை நாய் ஜீப்பில் வந்தது. ஒவ்வொரு தடவையும் தோட்டத்துக்குச் சொல்லியனுப்புவோம். ராமசாமி மாமா வேலையை விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து, எட்ட நின்றே பார்த்துவிட்டு, "இது இல்லீங்க" என்பார். திரும்பிப் போகும்போது அந்த நாய்க்கும் ஒரு பிஸ்கட் போட்டுவிட்டுப் போவார். ஏழாம் நாள் வந்தது சடை வைத்த வெள்ளை நாய். அது ஏரியைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுடையது. அவர்கள் பின்னாலேயே காரில் துரத்திவந்து, கொண்டுவந்தவரைத் திட்டிவிட்டு அள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தடவை பாப்பாத்தி அக்காவும் கூட வந்திருந்தார். அதுவரை அவர் நோட்டீஸைப் பார்க்கவே இல்லை. சோர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தவர் கேட்டார், "ஏனுங்க, எல்லாரும் எதுக்கு வெள்ளை நாயாவே புடிச்சுட்டு வாறாங்க? நம்ம ஜிம்மி செவலையாச்சே." கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை நான்தான் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார். செம்மண் நிறத்து நாயை வெள்ளையாக்கி, ஒரு வாரம் ஊர் முழுக்கத் தேடவிட்டிருக்கிறேன்.

"நீங்க மொதல்லயே பாத்தீங்களே, சொல்லக்கூடாதுங்களா மாமா?" என்று கேட்டேன். என் தப்புக்கு அவரைக் கேட்கிறேன், அந்த லட்சணத்தில் இருந்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "போட்டோன்னா வெளுப்பாக்குறது வழக்கம்தானுங்களே. கல்யாணப் போட்டோவுல இவளே வெளுப்பாத்தான் இருக்கா, நான் ஏதாச்சும் சொன்னனுங்களா?"

சோற்றுத் தட்டு

பழைய படத்தை முழுசாகத் திறந்தேன். வெட்டி எறிந்த ஓரத்தில் ஜிம்மி சோறு தின்னும் அலுமினியத் தட்டு இருந்தது. அலுமினியம் எந்த ஊரிலும் சாம்பல்தான். தட்டைத் தொட்டேன். நீலம் விலகியது. முதலில் வைக்கோல் மஞ்சளானது, அடுத்து தூணில் மரக்கலர் வந்தது, நாய்மேல் மெதுவாகச் சிவப்பு ஏறியது. வெளுப்பாக்கும் இடத்துக்குக் கை பழக்கத்தில் போனது. கையை எடுத்துவிட்டேன். அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். பிரின்ட் பேப்பரை எடுத்து வைத்தார்.

பாப்பாத்தி அக்காவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். "நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்" என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஆனால் என்னைவிட நன்றாகக் கலர் பார்த்தார். காது ஓரம் இன்னும் கருக்கோணும் என்றார். முதுகில் இத்தனை சிவப்பு வேண்டாம், வயிற்றுப் பக்கம் வைக்கோல் கலர்தான் என்றார். எல்லாம் முடிந்ததும் திரையில் மூக்குக்கு நேராக விரலை வைத்தார். அரை நிமிசம் எடுக்கவே இல்லை. "இப்பக் கூப்புட்டா வந்துருவான்."

டீக்கடைச் சுவர்

புது நோட்டீஸை இந்தத் தடவை கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. நானே மத்தியான பஸ்ஸில் ஏறினேன். அவர்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது, இனி அது எங்கே இருக்கும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்த எதையும் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பேளுக்குறிச்சியில் அன்று சந்தை இல்லை. சந்தைப்பேட்டைக்கு எதிரே ஒரு டீக்கடை, அதன் சுவரில் என் வெள்ளை ஜிம்மி. அதன்மேல் செவலை ஜிம்மியை ஒட்டினேன். டீக்கடை அம்மா கிளாஸ் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். கழுவுவதை நிறுத்தினார். "அடக் கெரகமே, இது நம்ம பெஞ்சுக்கு அடியில படுத்துக் கெடக்கறதாச்சே. ஒரு வாரமா இதுக்குத்தான் பன்னப் பிச்சுப் போட்டுட்டு, எல்லாருமா சேந்து வெள்ளை நாயத் தேடிட்டு இருக்கறோம்."

பெஞ்சுக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னால்தான் சந்தைப்பேட்டைக்குள் போனதாம். பாப்பாத்தி அக்கா செருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தார். வெறும் கல்தூண்கள், காய்ந்த முட்டைக்கோஸ் தழை, வேறெதுவும் இல்லை. "ஜிம்மி" என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை, வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். மிளகு மூட்டை இறக்குகிற மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் நான் பார்க்கவில்லை. நோட்டீஸ் ஒட்டின பசை கையில் காய்ந்திருந்தது, அதை உரித்துக்கொண்டு நின்றேன். நாய் ஊளையும் அழுகையுமாகப் போட்ட சத்தம் மட்டும் கேட்டது. ராமசாமி மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, டீக்கடை அம்மாவிடம் மூன்று டீயும் நான்கு பன்னும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜிம்மி பாப்பாத்தி அக்கா காலடியில் சுருண்டுகொண்டது. கொஞ்சம் இளைத்திருந்தது, அழுக்காக இருந்தது, ஆனால் சந்தேகமில்லாமல் செவலை. அவர் என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்து முன் சீட்டில் தள்ளி உட்கார்ந்திருந்தேன். இரண்டு வளைவு ஏறியதும் பின்னாலிருந்து தோளைத் தட்டினார். கையில் இருந்த பாதிப் பன்னை எனக்கு நீட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாஞ் செரி கண்ணு, மொத நாளே நாய் என்ன கலருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

கலரைச் சரிசெய்ய என் கம்ப்யூட்டருக்கு இரண்டு நிமிசம் போதும், அந்த ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு வாரமும் மூன்று வெள்ளை நாயும் தேவைப்பட்டது.