மூன்று மணி என்று போட்ட அழைப்பிதழ்

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் நான்கு மணிக்குக் கூட்டம் என்றால் அழைப்பிதழில் மூன்று என்று போடுவோம். அப்போதுதான் சனம் நாலேகாலுக்காவது வந்து சேரும். செயலாளராக இருந்த எனக்கு இது கைவந்த வித்தை.

அந்த வருடம் எங்கள் வாடகை மண்டபத்தை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு பின்னேரம் அங்கேதான் நான் வாய் வலிக்க வலிக்கத் தமிழ் பேசுவேன். மற்ற ஆறு நாளும் ஷிப்ட், பஸ், நித்திரை. இதுவும் போனால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று வீட்டில் கத்திக்கொண்டு திரிந்தேன்.

நாங்கள் இருந்த எட்மண்டன் நகரில் ஜெர்மன்காரர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சின்ன மண்டபம் இருந்தது. அதைக் கேட்டுப் போனேன். அந்தச் சங்கத்தின் தலைவி எண்பதைத் தாண்டியவர். "ஒரு கூட்டத்தை இங்கே வையுங்கள். உங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்றார். சந்தோஷத்தில் நான் அவருக்கும் அதே மூன்று மணி அழைப்பிதழை அனுப்பிவிட்டேன்.

வடைச் சட்டியோடு நாங்கள் போய் இறங்கியபோது நாலேகால். உள்ளே கதிரைகள் வரிசை வரிசையாகப் போட்டிருந்தன. முன் வரிசையில் அந்தத் தலைவி மட்டும் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

"எல்லாம் போச்சுது. உம்மடை மூண்டு மணியாலை வந்த வினை" என்று எங்கள் தலைவர் காதைக் கடித்தார்.

"நீங்கள் நேரத்துக்கு வந்தால் நான் ஏன் அண்ணை பொய் எழுதிறன்?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, அந்த அம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "முன்பெல்லாம் எங்கள் ஆட்டத்தில் இந்தத் தரை அதிரும். பிள்ளைகள் வருவதை விட்டுவிட்டார்கள். இப்போது நாங்கள் நான்கு பேர்தான். ஒருவரும் ஒரு நிமிடம்கூடப் பிந்துவதில்லை" என்றார். "இன்றைக்கும் யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன்." பிறகு இரண்டு வடை சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். பழக்கதோஷத்தில் அதற்கும் மூன்று மணி என்றே அழைப்பிதழ் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு, வெட்கத்தில், எங்கள் சனம் முழுவதும் மூன்று மணிக்கே போய் மழையில் நின்றது. கதவு பூட்டிக் கிடந்தது. நாலேகாலுக்கு அவர் குடையோடு ஆடி அசைந்து வந்தார்.

"அழைப்பிதழில் மூன்று என்று இருந்தது. அதனால் இப்போது வந்தேன். சரிதானே?"

சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. அவர் கதவைத் திறந்துவிட்டு, கைப்பையிலிருந்து மண்டபத்தின் இன்னொரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எத்தனை மணிக்கென்றாலும் வாருங்கள். வந்தால் போதும்."