நான் பிரான்ஸாக நின்ற நாள்

கல்லூரியில் முதல்வர் கூப்பிடுகிறார் என்றால் வருகை குறைந்திருக்கும், இல்லாவிட்டால் யாராவது போட்டுக் கொடுத்திருப்பார்கள். எழுபதுகளின் கடைசியில், பி.ஏ. இரண்டாம் ஆண்டில், இரண்டுக்குமே பதில் தயார் செய்துகொண்டுதான் நான் அவர் அறைக்குப் போனேன். மேசையில் சேர்க்கைப் பதிவேடு விரிந்து கிடந்தது.

“ஏம்மா, நீ ஃபிரெஞ்சு நேஷனலா? இத்தன நாளா மூச்சு விடலியே!”

திருட்டில் பிடிபட்டவள் மாதிரி விழித்தேன். என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் காரைக்காலில் அவர்களைச் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, அப்பா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கைக்குழந்தையாக இருந்த நானும் அதோடு பிரான்ஸ் ஆகிவிட்டேன். மற்றபடி பிரான்ஸுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், மாதா கோயிலில் பூசையும் தமிழ். அப்பா கோபத்தில் முணுமுணுப்பதுதான் நான் கேட்ட பிரெஞ்சு.

முதல்வர் அம்மாவுக்கு ஒரு நெருக்கடி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர் பஸ்ஸில் எங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். ‘உலக மாணவர் நட்பு நாள்’ என்று பேனர் எழுதியாகிவிட்டது. அவர்களை வரவேற்க நம் பக்கத்திலும் ஒரு வெளிநாட்டவர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிரெஞ்சுப் பேராசிரியர் மாற்றலாகிப் போய் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அகப்பட்டவள் நான்.

“எனக்கு ஃபிரெஞ்சு பேச வராதுங்க மேடம்.”

“அப்பா சொல்தான்ற. வராம எங்க போவும்? அஞ்சு வரி பேசு, போதும்.”

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. ஐந்து வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நான்கு நாள், வாயை இப்படிக் குவி, தொண்டையில் இப்படிக் காற வேண்டும் என்று உயிரை எடுத்தார்.

“அதுக்கு மேல அவங்க ஏதாவது கேட்டா என்னப்பா பண்றது?”

“உய் சொல்லு. ‘ஆமாம்’னு அர்த்தம். சிரிச்சிகிட்டே சொல்லு. எவன் என்னா கேட்டுடப் போறான்?”

விழா நாளில் வேறொருத்தியின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் காகிதக் கொடியோடு மேடையில் நின்றேன். ஐந்து வரியும் பிசகாமல் வந்தது. அப்பாவின் உச்சரிப்பு அப்படியே என் வாயில் இறங்கியிருந்தது. கைதட்டலுக்கு நடுவே, வந்தவர்களில் ஒருத்தி எழுந்து நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவைச் சேர்ந்தவள், அந்தப் பல்கலைக்கழகத்தில் நடனம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள் என்று அவர்களோடு வந்த விரிவுரையாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். ஆள் பார்ப்பதற்கு எங்கள் தெருப் பெண் மாதிரியே இருந்தாள். அதே நிறம், அதே நெற்றி. ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது, இங்கிலீஷும் தட்டுத் தடுமாறித்தான். பிரெஞ்சு மட்டும் மடை திறந்தது போல வந்தது. எத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தாளோ, எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். அந்த வேகத்தில் ஓர் ஊர்ப் பெயர்கூட வந்து போயிருக்கலாம். நான் எங்கே கவனித்தேன்? அவள் எப்போது மூச்சு விடுவாள், எப்போது ‘உய்’ போடலாம் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் எதையோ கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே “உய்” என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை என் கையில் வைத்தாள்.

அப்போதே பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் அவள் எதிரில் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதென்று வெளிச்சமாகிவிடும். முதல்வர் அம்மா வேறு மூன்றடி தள்ளி நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பத்திரமாக என் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு விழா விழாவாக நடந்தது. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். கோலாட்டம், மலேசிய மாணவர்களின் பாட்டு, வாழையிலைச் சாப்பாடு, மரக்கன்று நடுதல், நன்றியுரை, அந்த நன்றியுரைக்கு ஒரு நன்றியுரை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பி, ‘இப்போதா?’ என்பது போலப் புருவத்தை உயர்த்துவாள். நான் தலையாட்டிச் சிரிப்பேன். மத்தியானத்துக்கு மேல் கைக்கடிகாரத்தையும் பார்க்க ஆரம்பித்தாள். ஏதோ தப்பு நடக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? பிரான்ஸே போய், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நிற்க முடியுமா?

ஐந்து மணிக்கு அவர்கள் பஸ் கிளம்பியது. அவள் ஜன்னல் வழியே கையை நீட்டினாள். நான் குலுக்கினேன். கையை அவள் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை, விரித்தபடியே வைத்திருந்தாள். நான் இன்னொரு முறை குலுக்கினேன். பஸ் நகர்ந்துவிட்டது.

வாசலில் அப்பா சைக்கிளோடு காத்திருந்தார். “எப்புடி, அசத்திட்டியா?” என்றார். காகிதத்தை எடுத்து நீட்டினேன். ஏதோ பழைய பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதிய நகல். அதன் நடுவில் எனக்கே படிக்க முடிந்த ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. குரும்பகரம்.

“அவ கொள்ளுத்தாத்தாவாம். இங்கேருந்து கரும்பு வெட்ட கப்பல் ஏறுனவரு” என்றார் அப்பா. அடியில் அவள் தன் கைப்பட எழுதியிருந்ததையும் படித்தார். “இந்த ஒரு நாள்தான் இங்க இருப்பேன், யாராவது என்னைய அந்த ஊருக்கு அழைச்சிட்டுப் போவீங்களான்னு எழுதியிருக்கா. அதத்தான் உன்னயும் கேட்டிருப்பா. நீ என்னா சொன்ன?”

“உய் சொன்னேன்.”

அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரும்பகரம் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த பஸ் கல்லூரி வாசலிலேயே நிற்கும். அன்றைக்கு நன்றியுரை நடக்கும்போதுகூட அதன் ஹாரனைக் கேட்டேன்.

அவள் கையை விரித்து வைத்திருந்தது இந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் என்பது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வரும்போதுதான் உறைத்தது. அன்று பாதி வழிக்கு மேல் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் அப்பா அந்தக் காகிதத்தோடு, எப்போது வேண்டுமானாலும் வா, அழைத்துப் போகிறோம் என்று இரண்டு வரி எழுதி, பல்கலைக்கழக முகவரிக்கு அனுப்பினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதை அவர் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வெட்கம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

“காகிதத்த அனுப்புனதுக்கு ரொம்ப நன்றியாம். அவ அம்மா முன்னாடியே சொன்னாங்களாம், கடல் தாண்டிப் போனவங்கள அந்த ஊர்க்காரங்க சேத்துக்க மாட்டாங்க, போவாதன்னு. நீ அந்த ஊர்ல கேட்டுப் பாத்திருப்பியாம், அவங்க வேண்டாம்னிருப்பாங்களாம். இப்ப வான்னு எழுதுனதும் அவ மனசு நோவக் கூடாதுன்னுதானாம். நீ நல்ல பொண்ணாம். மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல மனசு வராம, கடைசி வரைக்கும் சிரிச்சிகிட்டே இருந்தியாம். உன் மேல கோவம் இல்லியாம்.”

கடிதத்தை மடித்துவிட்டு, “உய் சொல்லுன்னு சொன்னது நான்தானே” என்றார்.

இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதினோம். எனக்கு ஒரு சொல் தெரியாது, ஊரில் யாரும் எதுவும் சொல்லவில்லை, தப்பு எங்களுடையது என்று அப்பா இரண்டு பக்கம் எழுதினார். ஊர் திரும்பிவிட்டாள் என்ற குறிப்போடு அது எங்களுக்கே வந்து சேர்ந்தது. தீவு முகவரி எங்களிடம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை.

குரும்பகரத்தில் யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் வந்ததே அங்கே யாருக்கும் தெரியாது.