மண்டியிடும் அல்வினா

கொஞ்ச தூரம் அறுத்ததுமே அறுவடை இயந்திரத்தை நிறுத்தி, அதன் நீளத்துக்குப் பின்னால் எடுத்து, சாவியைத் திருகி அணைத்துவிட்டு அல்வினா லைக்கர் இறங்கி வருகிறார். நேராகப் போய் நிற்கிற பயிருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே மண்டியிடுகிறார். பழைய பீப்பாயிலிருந்து கழற்றிய இரும்பு வளையம் ஒன்றைத் தரையில் போட்டு, அதற்குள் கிடக்கும் செஞ்சோள மணிகளை விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணுகிறார். இயந்திரத்தின் பின்புறம் துப்பும் தூசியும் உமியும் விழாத இடம் அது ஒன்றுதான். அங்கே கிடப்பதெல்லாம் முன்னால் அகலமாக நீண்டு வெட்டுகிற ஹெட்டர் சிந்தியது. எண்ணி முடித்ததும் ஒரு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். மண்ணோடுதான் கடிப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

மேற்குக் கான்சாஸில் எங்கள் பக்கம் எல்லோரும் செஞ்சோளம் போடுகிறவர்கள்தான். நாங்கள் மைலோ என்போம். எல்லோரும் அறுக்கிறோம், எல்லோருக்கும் சிந்துகிறது. ஆனால் அதற்காக மண்டியிடுகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. எழுபதை நெருங்கிய இந்த அம்மாள் பழைய ரப்பர் பட்டையை வெட்டிக் கால்சட்டையின் முட்டியில் தைத்திருக்கிறார். தலையில் இறந்துபோன கணவர் எர்வினின் விதைக்கடைத் தொப்பி. அது அவருக்குப் பெரிது, காதுவரை இறங்கும். அடுத்தவர் காடு என்றும் பார்ப்பதில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, வேலியைத் தாண்டி, வளையத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, காட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "என்னத்த அறுத்தே? கொட்டியிருக்கே!" அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

எர்வினை அடக்கம் செய்த அன்றே ஊர் அல்வினாவைப் பற்றி வாய்விட்டுப் பேசத் தொடங்கியது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு செஞ்சோளக் காடு, அப்போதுதான் அறுத்திருந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று, ஃபாதர் கிலியன் ஜெபத்தை முடிக்கவில்லை. கறுப்பு உடையில் நின்றிருந்த அல்வினா வரிசையை விட்டு விலகி, வேலியைத் தாண்டி, அறுத்து மிஞ்சி நின்ற தட்டைக்குள் போய் மண்டியிட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டிய கணவன் குழிக்குள் கிடக்க, சோளம் எண்ணுகிற பெண்பிள்ளை உண்டா? அழுது தீர்க்க வேண்டிய நேரத்தில் என்ன நெஞ்சழுத்தம் என்று என் மனைவி வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். நானும் ஆமாம் போட்டேன்.

எர்வினைப் பற்றியும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரே குளிர்காலத்தில் அவருடைய மந்தையில் பாதி செத்தது. உறைபனி விழுந்த பிறகு செஞ்சோளத்தின் இளந்துளிர் விஷமாகும். அது காய்ந்து அடங்கும்வரை மாட்டைக் காட்டுக்குள் விடக்கூடாது. எர்வின் பொறுக்காமல் திறந்துவிட்டார் என்றார்கள். அன்றிலிருந்து அவசரப்படுகிறவனை எல்லாம் "எர்வின் ஆயிடாதடா" என்று கிண்டல் செய்வது எங்கள் வழக்கம். தொடங்கிவைத்தவர் பக்கத்துக் காட்டு கில்பர்ட் வாஸிங்கர், நல்ல வாய்க்காரர். அல்வினா காதுபடவே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்.

அந்த கில்பர்ட்டைத்தான் இந்தக் கோடையில் பக்கவாதம் சாய்த்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்க ஆளில்லை. அவருடைய மாடுகளுக்கு மிச்சமிருந்தது செஞ்சோளம் அறுத்த பிறகு நிற்கும் தட்டை மட்டும்தான். அதுவும் இல்லையென்றால் மாடுகளை ஏலத்துக்கு ஓட்ட வேண்டும். "மாட்ட வித்தா இந்த மனுஷன் பிழைக்க மாட்டாரு" என்று அவர் மனைவி மார்லிஸ் கோயில் வாசலில் நின்று அழுதார்.

இப்படி ஒருவர் விழுந்தால் ஊரே இயந்திரங்களைக் கொண்டுபோய் அவர் காட்டை அறுத்துக் கொடுப்பது எங்கள் பழக்கம். நவம்பரில் ஒரு காலையில் போனோம். மறுநாள் பனி கொட்டும் என்று வானொலி சொல்லியிருந்தது. ஃபாதர் இயந்திரங்களின்மேல் தீர்த்தம் தெளித்தார். மார்லிஸ் கில்பர்ட்டைப் போர்வை சுற்றி வண்டியில் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, காட்டோரம் நிறுத்தியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் வரிசையாக நின்று எங்களையே பார்த்தன. பெண்கள் முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்துச் சுட்ட ரொட்டிகளைக் கூடை கூடையாக இறக்கினார்கள். திருவிழா மாதிரி இருந்தது. அல்வினாவின் ஓட்டை இயந்திரத்தை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு நாங்கள் பறந்தோம்.

இரண்டாவது சுற்றில் திரும்புகிறேன், என் ஹெட்டருக்கு நேர் முன்னால் ஒரு தொப்பி. எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கத்திக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்.

"டேய் லீராய், இறங்கு! இறங்கிப் பாரு!"

"உங்களுக்கென்ன பைத்தியமா அல்வினா? இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா உங்களையும் சேர்த்து அறுத்திருப்பேன்!"

"அறுத்தாலும் உள்ள போயிருக்க மாட்டேன். நீ ஓட்டுற ஓட்டுக்கு என்னையும் வெளியதான் தள்ளியிருக்கும்."

கை நிறைய முழுக் கதிர்களை என் காலடியில் கொட்டினார். எல்லா இயந்திரங்களும் நின்றன. எங்களில் புதிய, பெரிய இயந்திரம் வைத்திருக்கிற டுவெய்ன் முகம் சிவக்க வந்தான்.

"இப்ப எதுக்கு எல்லாத்தையும் நிறுத்துனீங்க? சும்மா வந்து செஞ்சு குடுக்கிறோம். அதுலயும் குத்தமா?"

"கத்திக்கு மேல சுத்துற சுழல் சட்டத்தை விரட்டி விட்டிருக்கடா. கதிரை அடிச்சு வெளிய வீசுது. பாதி தரையில கிடக்கு."

"கிடந்தா என்ன? மாடு தின்னுட்டுப் போகுது. நாளைக்குப் பனி, மறந்துட்டீங்களா?"

"மாடு தின்னும்டா. அதான் சொல்றேன்."

"தின்னா? கில்பர்ட் மாடு என்ன எர்வின் மாடா, செத்து விழ?"

யாரோ சிரித்தார்கள். ஃபாதர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அல்வினா தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவருடைய நரைத்த தலையை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"எர்வின் மாடு துளிரைத் தின்னு சாகல. சோளம் தின்னு செத்துச்சு" என்றார். "அந்தக் காட்டை அறுத்தவ நான். மறுநாள் பனின்னு நானும் இப்படித்தான் விரட்டுனேன். கதிர் கதிரா கீழ கிடந்துச்சு, பார்த்தேன். மாடு தின்னுட்டுப் போகுதுன்னு நானும் இதே வாயாலதான் சொன்னேன். அதுங்க தட்டையைத் தொடவே இல்ல. கதிரைத் தேடித் தேடித் தின்னுச்சுங்க. வயிறு புளிச்சு, உப்பி, எழுந்திரிக்க முடியாம கிடந்து கத்துச்சுங்க. எர்வின்தான் துப்பாக்கியை எடுத்துட்டுப் போனான்."

கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"வந்து கேட்டவங்ககிட்ட துளிர்னு சொன்னது அவன்தான். தான் திறந்துவிட்டதா சொல்லிட்டான். நான் வாயைத் திறக்கல. நீங்கல்லாம் சிரிச்சப்பவும் திறக்கல. அவனைப் புதைக்கிற அன்னைக்கும் திறக்கல. வேலி தாண்டிப் போயிட்டேன், அவ்வளவுதான் முடிஞ்சுது என்னால."

அதிர்ந்துபோனேன். இத்தனை வருடம் ஒரு நல்ல மனிதனின் பெயரை நாங்கள் வாயில் போட்டு மென்றிருக்கிறோம். இந்த அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு எங்கள் நடுவிலேயே இருந்திருக்கிறார். கோபப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. காட்டோரத்து வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.

டுவெய்ன்தான் முதலில் அசைந்தான். "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றான்.

ஒவ்வோர் இயந்திரமாகப் போனார். சக்கரம் ஓடுவதைவிடச் சுழல் சட்டம் கொஞ்சமே கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்று அதைக் குறைக்க வைத்தார். அது கதிரின் மண்டையில் அடிக்காமல் கழுத்தைத் தொட்டு உள்ளே சாய்க்கும்படி உயரத்தை மாற்றினார். கதிருக்குச் சற்றுக் கீழே கத்தி ஓடட்டும் என்றார். சாய்ந்த பயிர் வரும் இடத்தில் தாழ்த்தச் சொன்னார். தன் கொட்டகையிலிருந்து நீண்ட இரும்பு விரல்களைக் கொண்டுவந்து, கத்திக்கு முன்னால் துருத்தி நிற்கும்படி மாட்டினார். வெட்டுப்பட்ட கதிரை அவை கீழே விடாமல் ஏந்திக்கொள்ளும். "பாதி வேகம் போதும்டா, செத்தா போயிடுவோம்?" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். நடக்கிற நடையில் போனோம். மணிக்கொரு தரம் நிறுத்திப் பின்னால் எடுத்து, நாங்களே இறங்கி மண்டியிட்டோம். டுவெய்ன் மண்டியிட்டதைப் பார்த்து மற்ற நாளாக இருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

பொழுது சாய்வதற்குள் கடைசி வரிசையும் முடிந்தது. வானம் ஈயமாக இருந்தது, பனி இன்னும் விழவில்லை. அல்வினா கடைசி முறையாக வளையத்தைப் போட்டு, அங்கே கிடந்ததைப் பொறுக்கித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு கில்பர்ட்டின் வண்டிக்கு நடந்தார். தொப்பியை ஜன்னலுக்குள் நீட்டினார்.

"இவ்வளவுதான் கில்பர்ட். ஒரு பிடிகூடத் தேறாது. தைரியமா மாட்டைத் திறந்துவிடு."

கில்பர்ட் உள்ளே பார்த்தார். கோணிய வாய் எதையோ சொல்லப் படாதபாடு பட்டது. "எர்..." என்றது. "எர்... வின்." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவரால் முடியவில்லை. இடது கையைத் தூக்கி, தட்டுத்தடுமாறி, தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். சவ ஊர்வலம் போகும்போது எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான் கழற்றுவார்கள்.

அல்வினா கையிலிருந்த தொப்பியை எடுத்து, உள்ளே தானியம் இருப்பதையே மறந்தவராகத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மணிகள் அவர் நெற்றியிலும் காலருக்குள்ளும் உருண்டு தரையெல்லாம் சிதறின. அவர் குனியவில்லை.