வாசல் குழாய்

ஆமத்தூர்க்காரன் ஊர்க்காவலன், பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வக உதவியாளன். மூன்று வருடம் லென்சு பொருத்தி, ஒயர் பற்றவைத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் அவன்தான். அப்படி அவன் செய்த ‘ராமன் பெட்டி’யைக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் பேராசிரியருக்கு. டிபன் கேரியர் அளவுதான் பெட்டி. லேசர் ஒளியைப் பொருளின்மேல் விட்டு, விஞ்ஞானி ராமன் சொன்னபடி சிதறி வரும் ஒளியை வைத்து அது என்ன ரசாயனம் என்று சொல்லிவிடும்.

2008 தீபாவளி சீசனில் அதைச் சோதித்துப் பார்க்கச் சிவகாசிப் பட்டாசு முதலாளி லட்சுமிகாந்தம் பெரிய மனசு பண்ணினார். தடை செய்த குளோரேட் தன் கம்பெனிப் பட்டாசு மருந்தில் இல்லை என்று பெட்டியே சொல்லட்டும் என்றார். ஏசி அறையில் ஊறுகாய் பாட்டிலில் மருந்து தயாராக இருந்தது. எந்த அதிகாரி வந்தாலும் அதே பாட்டில்தான். பெட்டியும் “இல்லை” என்றது. பேராசிரியருக்குப் பொன்னாடை, ஊர்க்காவலனுக்கு ஒரு டீ.

அந்த டீ அவனுக்கு இறங்கவில்லை. அதே கம்பெனியில்தான் அவன் மனைவி முருகம்மாள் மருந்து அடைக்கிறாள். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்து வெடிக்க ஓர் உரசல் போதும்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்தவளைக் கிண்ணத்தில் கை கழுவச் சொன்னான். அந்தத் தண்ணீரை வடிகட்டி, மறுநாள் வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சிய உப்பைப் பெட்டியில் காட்டினான். திரையில் குளோரேட்டின் கோடு கம்பம் மாதிரி நின்றது.

கூறுகெட்டவன், அந்தக் கோட்டை அச்செடுத்த தாளை முதலாளியிடமே கொண்டுபோனான்.

“எங்கனலே எடுத்த?”

“வீட்டுக்காரி கையில இருந்துதாங்க முதலாளி.”

“நல்லவேள, எங்கிட்டச் சொன்ன.”

முதலாளி சும்மா இருக்கவில்லை. ஒரே வாரத்தில் கம்பெனி வாசலில் பத்துக் குழாய் வைத்தார், பத்து சோப்பும் வைத்தார். கை கழுவாமல் ஒரு பெண்ணும் வேன் ஏறக்கூடாது. மருந்து மட்டும் அதே மருந்து. ‘தொழிலாளர் நலம்’ என்று கம்பெனி காலண்டரில் போட அந்தக் குழாய்களைப் படம் பிடிக்கவும் ஆள் வந்தான். ஆர்டர் குவிந்து கிடந்ததால் முருகம்மாளை நிறுத்தவில்லை.

“இனி நீ போகாத” என்றான் ஊர்க்காவலன். அவமானத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான் போகலன்னா அங்கன இன்னொருத்தி உக்காருவா. அவ சாகலாமாக்கும்?” முருகம்மாள் மருந்துத் தூசி படிந்த தலைத்துண்டை அவிழ்த்து அவன் மடியில் போட்டாள். “கையத்தான கழுவச் சொன்னாக. இத யாரு பாத்தா? அந்த ஆளுகிட்டயே போயி வாயத் தொறந்தீகளே, வெக்கமா இல்ல? கலெக்டரு மேசையில கொண்டுபோயிப் போடுங்க.”

துண்டை அலசிய தண்ணீரிலும் அதே கோடு வந்தது.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் முருகம்மாளை ஏற்றிக்கொண்டு போனது. ஊர்க்காவலன் தாளோடு கலெக்டர் ஆபீசுக்கு விருதுநகர் பஸ் ஏறினான். அன்றைய மருந்தை அவள் அடைத்து முடிப்பதற்குள் யாராவது வந்து பெண்களை வெளியேற்றி, அந்த மருந்தறையைப் பூட்டியாக வேண்டும்.