சட்டியோடு திருப்பிக் கொடுத்த மோதிரம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பள்ளிவாசல்துறையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது என் தொழில். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றை வெறுக்கிறேன். பிரேக்.

முன்பு அதோடு எனக்குப் பகை இருக்கவில்லை. ஐஸ் மெஷின் நின்றுபோனால் பிரேக் டவுன் என்போம். தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் அது பிரேக். டிவியில் சிவப்பு எழுத்து ஓடினால் பிரேக்கிங் நியூஸ். கிரிக்கெட்டில் பந்து திரும்பினால் ஓஃப் பிரேக். யாருக்கும் கெடுதல் இல்லாத சொல்லாகத்தான் கிடந்தது.

என் மூத்த மகளைக் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வீட்டுக்குப் பேசியிருந்தோம். மாப்பிள்ளை கட்டாரில். அவருடைய உம்மா வந்து மகளுக்கு மோதிரம் போட்டார். பெருநாள் முடிந்து நிக்காஹ் என்பது பேச்சு. ரமழான் பாதியில், மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நான் வீட்டுக்கு வர, மாப்பிள்ளையின் நானா கதிரையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு மூத்தவர், ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்.

"மாமா, கொஞ்ச நாளைக்கு ஒரு பிரேக் எடுப்பம்" என்றார்.

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். "முறிச்சிட்டீங்களா தம்பி?"

"அல்லாஹ்வே! முறிக்கல்ல மாமி. பிரேக். தம்பிக்கு இப்ப மைன்ட் சரியில்ல."

"எத்தின நாளைக்கு?"

"அப்பிடி நாள் சொல்ல ஏலாது மாமி."

"அப்ப என்ட புள்ள என்ன செய்யிற?"

"இருக்கட்டும். என்ன அவசரம்?"

இருக்கட்டுமாம். உப்பு மூட்டையா என் மகள், ஒரு மூலையில் இருப்பதற்கு? ஐஸ் கட்டியில் கோடாலிப் பிடியால் ஒரு அடி போட்டால் உடைந்தது என்று சத்தம் கேட்கும். இந்த மனிசன் சத்தம் வராமல் உடைக்கப் பார்த்தார். கட்டாரில் வேறு சம்பந்தம் சரிவந்தால் எங்களை விடலாம், சரிவராவிட்டால் என் மகள் இருப்பாள். இதுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

மகள் அந்தக் கிழமை முழுக்க நோன்பு திறக்கும்போது அரைக் கோப்பைக் கஞ்சியோடு எழும்பினாள். மோதிரத்தைப் போடுவாள், கழற்றுவாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நோன்பு மாதத்து வெள்ளிகளில் மாப்பிள்ளை வீட்டுக்கு இனிப்பாக வட்டிலப்பம் அனுப்புவது எங்கள் வழக்கம். சட்டியை அவர்கள் வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஏதாவது வைத்து அனுப்ப வேண்டும். வெறுஞ்சட்டி வந்தால் உறவு இல்லை என்று அர்த்தம். "அனுப்புவம். அவங்கட மனசு சட்டியில தெரியும்" என்றாள் மனைவி. சவூதியில் வேலை செய்த காலத்தில் அவள் கொண்டுவந்த, மூடி போட்ட கண்ணாடிச் சட்டி அது.

மறுநாள் சட்டி வந்தது. நிறையப் பேரீச்சம்பழம்.

மனைவி அழுதுவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ், முறிக்கல்ல!"

மகள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். "உம்மா, வட்டிலப்பத்தத் திண்டிருக்காங்க. பழம் வெச்சிருக்காங்க. கல்யாணத்தப் பத்தி ஒரு சொல்லுச் சொன்னாங்களா?" பிறகு மோதிரத்தைக் கழற்றிப் பழங்களுக்கு மேல் வைத்தாள். "வாப்பா, இதக் கொண்டு போய்க் குடுங்க. முறிச்சாச்சு எண்டு சொல்லுங்க. நாங்க முறிச்சம் எண்டு."

"யோசிச்சியா மகள்? ஊர் உன்னத்தான் கதைக்கும்."

"இப்ப மட்டும் கதைக்கல்லியா?"

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஆட்டோவில் போனேன். கோபத்தை அடக்கும் பொறுமையைத் தரும்படி வழியெல்லாம் துஆ கேட்டேன். கேட்டது கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேசையில் சட்டியை வைத்து மூடியைத் திறந்தேன். மாப்பிள்ளையின் உம்மா மோதிரத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"முறிச்சிட்டம்" என்றேன்.

"மாமா, நாங்க பிரேக் எண்டுதானே சொன்ன..." என்று நானா எழும்பினார்.

"அத உங்கட கடையில வெச்சு வில்லுங்க. என்ட புள்ளய உங்கட வாசல்ல கட்டிப் போட ஏலாது."

"அப்ப நீங்கதான் முறிச்சிங்க. நாங்க இல்ல. நாளைக்கு ஆரும் எங்களக் குத்தம் சொல்லப்படாது."

"ஓம், நாங்கதான். பள்ளியிலயும் சொல்லுங்க, சந்தையிலயும் சொல்லுங்க."

மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த மனிசனுக்கு வெட்கமே இல்லை. "ஃபாஸ்ட் பிரேக் பண்ணிட்டுப் போங்களேன் மாமா" என்றார். அல்லாஹ்வுக்காகப் பிடித்த நோன்பை நாங்கள் உடைப்பதில்லை, திறப்பது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன?

பள்ளிவாசலுக்கு நான் வந்து சேரவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. பைப் தண்ணீரில் நோன்பு திறந்தேன். தொழுகையில் ஸுஜூதில் கிடந்தபோதும் அவருடைய முகம்தான் வந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வீட்டில் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். கையைப் பார்த்தாள். "சட்டியையுமா குடுத்திட்டு வந்தீங்க? அது என்ட சவூதிச் சட்டி!"

"போகட்டும் உம்மா" என்றாள் மகள். என்னைப் பார்த்தாள். "சொன்னீங்களா?"

"ஓம்."

"நம்மட பாஷையில?"

"முறிச்சிட்டம் எண்டு சொன்னன்."

அவள் பாயில் உட்கார்ந்து கஞ்சிக் கோப்பையை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று உம்மாவிடம் கேட்டாள்.